பதினொரு நிமிடக் கணினி

எங்கள் வீட்டுக் கணினி விழித்துக்கொள்ளப் பதினொரு நிமிடம் இருபது வினாடி ஆனது. மூன்று மாலை அளந்து எடுத்த சராசரி. முதல் மாலை சுவர்க் கடிகாரத்தை வைத்து அளந்தேன். அது சரியாக ஓடுகிறதா என்று சந்தேகம் வந்ததால் மற்ற இரண்டு மாலையும் கைப்பேசியில் அளந்தேன். இரண்டுக்கும் நான்கு வினாடிதான் வித்தியாசம். இருந்தாலும் நோட்டில் ‘ஏறக்குறைய’ என்று சேர்த்துக்கொண்டேன்.

அந்தக் கணினியில்தான் அம்மா பேசுவாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அம்மாவின் குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் அம்மாவே இருக்கமாட்டாள் என்று மருத்துவர் சொன்னார். அண்ணன் கையெழுத்துப் போட்டான். இப்போது கழுத்தடியில் உள்ள ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறாள். அதன்மேல் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். மொத்தம் ஏழு துணிகள். தினம் ஒன்றைத் துவைத்துக் கொடியில் போடுவது என் வேலை. மருத்துவமனையில் ஒரு சின்ன எழுது அட்டை கொடுத்து, “இதுல எழுதிக் காட்டுங்கம்மா” என்றார்கள். அம்மா இருபத்தாறு வருடம் பத்திரங்கள் தட்டச்சு செய்யும் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். பேனா பிடிப்பதே மறந்துபோன கை. அவள் எழுதிக் காட்டியதை நர்ஸ் மூன்று பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, “டாக்டர் எழுத்தே பரவாயில்லை” என்றார்.

கைப்பேசியில் தட்டச் சொன்னோம். அம்மா அதைப் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு அலுவலகத்தில் கழித்துப்போட்டதால் வீட்டுக்கு வந்திருந்த பழைய கணினியின் முன் உட்கார்ந்து அடித்தாள்: ‘இரண்டு கட்டைவிரலால் தட்டுவது மற்ற எட்டு விரலுக்கும் செய்கிற துரோகம்.’

அன்றிலிருந்து அப்படித்தான். கணினி சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருக்கிறது. எழுத்தின் அளவு இருபத்தெட்டு. அம்மா அடித்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்புவாள். அதுதான் அவள் வாய் திறப்பது. பத்திர பாஷையிலேயே கிண்டல் செய்வாள். ‘மேற்படி சின்னவள் மேற்படி குளியலறை விளக்கை அணைக்காமல் சென்றது இது மூன்றாவது தடவை.’ சின்னவள் என்பது நான். குரல் இருந்த காலத்தில் என்னை டவுட்டு என்று கூப்பிடுவாள். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறவள் என்பதால் வந்த பெயர். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். வாரத்தில் மூன்று மாலை கணினி பராமரிப்பு வகுப்புக்குப் போகிறேன்.

அம்மா பேசி முடித்து எழுந்து போனதும் அந்தப் பக்கத்துக்குத் தேதியையும் நேரத்தையும் பெயராகப் போட்டுச் சேமித்து வைப்பேன். மருத்துவர் ஏதாவது கேட்டால் எடுத்துக் காட்டலாம் என்று ஆரம்பித்தது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. இருநூற்றுப் பதினான்கு கோப்புகள் சேர்ந்தன.

ஐந்து வாரத்துக்கு முன்னால் அம்மா கணினி முன் உட்காருவதை நிறுத்திவிட்டாள்.

அதற்கு முந்தின நாள் நடந்ததை ஒழுங்குக்காக எழுதுகிறேன். ராத்திரி மாத்திரை வாய் கசக்கிறது, ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா அடித்தாள். “இல்லையேம்மா, போன மாசம் பதினேழாம் தேதி பரவாயில்லைன்னு சொல்லியிருக்கியே” என்றேன். அந்தத் தேதியின் கோப்பைத் திறந்தும் காட்டினேன். ‘மாத்திரை பரவாயில்லை’ என்றே இருந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் கணினியும் பத்து நிமிடத்தைத் தாண்டியது. ஒரு எழுத்தை அடித்தால் அது திரைக்கு வர இரண்டு வினாடி ஆனது. நோட்டில் எழுதினேன்: ‘பிரச்சினை – அம்மா பேசுவதில்லை. காரணம் – வேகம்.’

பிறகு வீட்டில் தலையாட்டல்தான். மேலும் கீழும் என்றால் ஆமாம். பக்கவாட்டில் என்றால் இல்லை. அதனால் நாங்கள் கேட்பதெல்லாம் ஆமாம்-இல்லை கேள்விகளாக ஆயின. நானே குழம்பு வேண்டுமா என்று கேட்பேன், நானே ஊற்றுவேன். எனக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் தட்டுப்படவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது.

அண்ணன் வேறு ஊரில் இருக்கிறான். ஒரு மாலை வீடியோவில் கூப்பிட்டு அம்மாவிடம் பேசினான். பிறகு என்னிடம், “அம்மா சம்மதிச்சுட்டாங்க டவுட்டு. எங்கூட வந்துடுறாங்க. அங்க ஆஸ்பத்திரி பக்கம். ரெண்டு வாரம் கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். வீட்டைக் காலி பண்ணிடலாம். நீ ஹாஸ்டல் பாத்துக்க” என்றான்.

“அம்மா என்ன சொன்னாங்க?”

“அதான் தலையாட்டினாங்களே.”

அம்மாவைப் பார்த்தேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். “அண்ணன் கூடவே போயிடுறதுன்னு சொன்னியாம்மா? இந்த வீட்டைக் காலி பண்ணிடலாம்னு சொல்றான்” என்றேன். கத்தி ஒரு நொடி நின்றது. தலை மேலும் கீழும் அசையவில்லை, பக்கவாட்டிலும் அசையவில்லை. மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மா தன் வார்த்தையில் பேசியாக வேண்டும். போகிறேன் என்றோ போகமாட்டேன் என்றோ, எதுவானாலும் முழு வாக்கியமாக. அதற்குக் கணினி வேகமாக வேண்டும். பதினான்கு நாள் இருந்தது.

வகுப்பு ஆசிரியரை நாங்கள் ரீஸ்டார்ட் சார் என்போம். கணினியிலிருந்து புகை வந்தாலும் ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா’ என்றுதான் முதலில் கேட்பார். ஆளுக்கு ஒரு பழைய கணினிக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வகைகளில் ஒன்றைப் போட்டு, எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

“எவ்ளோ ரேம்?”

“ஒரு ஜிபி சார்.”

“என் கைக்கடிகாரத்துலயே அதைவிட ஜாஸ்தி இருக்கு தங்கச்சி” என்றார் பின் பெஞ்சிலிருந்து செக்யூரிட்டி அண்ணன். அவர் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்ப்பவர். சீருடையிலேயே வகுப்புக்கு வருவார்.

“ப்ராசஸர் பழைய முப்பத்திரண்டு பிட்டா?”

“ஆமா சார்.”

“அப்போ பாதிப் பேரு வாசல்லயே செருப்பை மாட்டிக்கிட்டுத் திரும்பிடுவாங்க. இப்போ நெறைய லினக்ஸ் அறுபத்துநாலு பிட் இல்லன்னா உள்ளயே வராது. யாருக்கு இது?”

“அம்மாவுக்கு.”

“என்ன பண்ணுவாங்க?”

“டைப் பண்ணுவாங்க.”

“அவ்ளோதானா? ஈஸி. உக்காரு.”

உட்கார்ந்தேன். மற்றதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேறு ஏதாவது கேட்டிருக்கலாம்.

நோட்டில் ஒரு அட்டவணை போட்டேன். பெயர், தொடங்கும் நேரம், தொடங்கியதும் பிடிக்கும் நினைவகம், ஒரு எழுத்து திரைக்கு வர எடுக்கும் நேரம், தமிழ். கடைசிப் பத்தியில் டிக் அல்லது பெருக்கல் குறி.

எங்கள் கணினி பென்டிரைவிலிருந்து தொடங்க மறுத்தது. ஒவ்வொரு வகையையும் டிவிடியில் ஏற்றித்தான் ஓட்டிப் பார்க்க முடியும் என்பதால் எழுதாத டிவிடிக்கு அலைந்தேன். இரண்டு கடையில் சிரித்தார்கள். கடைசியில் செக்யூரிட்டி அண்ணன் ஒரு உருளை டப்பா நிறையக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“இதெல்லாம் இன்னும் யாருண்ணே வெச்சிருக்கா?”

“என் கல்யாண வீடியோவைச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுக்கலாம்னு வாங்கினது. ஒருத்தரும் கேக்கல. நீயாவது ஏதாவது போட்டுக்க.”

லுபுண்டு என்ற வகையின் புதிய பதிப்பு முப்பத்திரண்டு பிட்டுக்கு இல்லை. கோடு போட்டு அடித்தேன். டைனி கோர் தொடங்கிய வேகத்தில் எனக்கே சந்தேகம் வந்து மறுபடி அளந்தேன். ஆனால் உள்ளே போனால் காலி வீடு. ஒவ்வொன்றையும் நானே கொண்டுபோய் வைக்க வேண்டும். எதையாவது விட்டுவிடுவேன் என்று தோன்றியதால் அதையும் அடித்தேன்.

பப்பி லினக்ஸ் பிடித்திருந்தது. முழுவதும் நினைவகத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எழுத்து உடனே விழுகிறது. அதையே போடலாம் என்று முடிவு செய்த பிறகுதான் நினைவுக்கு வந்தது: அதை முறையாக மூடினால்தான் செய்த மாற்றங்கள் தங்கும். அம்மா கணினியை முறையாக மூடியதே கிடையாது. சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள். அலுவலகத்தில் ஐந்தரை மணிக்கு டைப்ரைட்டருக்கு உறை போட்ட பழக்கம். இருபத்தாறு வருடப் பழக்கத்தை மாற்றச் சொல்வதைவிட லினக்ஸை மாற்றுவது சுலபம் என்று எழுதிக்கொண்டேன்.

மிஞ்சியது ஆன்டிஎக்ஸ். டிவிடியிலிருந்து ஓடும்போதே எழுத்து தாமதமில்லாமல் விழுந்தது. கடிதம் எழுதுகிற புரோகிராம் அதிலேயே இருந்தது. தமிழுக்கு, நான் கைப்பேசியில் அடிப்பதைப் போலவே ஒலிப்படி அடித்துப் பார்த்தேன். ‘அம்மா’ என்று வந்தது. டிக் போட்டேன்.

புதன்கிழமை வன்தட்டை அழிப்பதற்கு முன் அம்மாவின் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்தேன். இருநூற்றுப் பதினான்கு. இரண்டு முறை எண்ணினேன். மொத்த அளவையும் ஒப்பிட்டேன். திறந்து பார்க்கவில்லை, எண்ணினேன். பிறகு ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவவா’ என்று கேட்டதற்கு ஆம் என்றேன். அம்மா பக்கத்து நாற்காலியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

தொடங்கும் நேரம் ஐம்பத்திரண்டு வினாடி. மூன்று முறை அளந்தேன்.

“அம்மா, ஆயிடுச்சு. ஒரு நிமிஷம் கூட ஆகல. பாரு” என்றேன். அம்மா பார்த்தாள். தலையை மேலும் கீழும் ஆட்டினாள். உட்காரவில்லை. வியாழக்கிழமையும் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான் வேலையிலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைத்தபோது கூடத்தில் சத்தம் கேட்டது. விசைப்பலகைச் சத்தம். அம்மா அடித்தால் தகரக் கூரையில் மழை விழுவது போல விட்டுவிடாமல் வரும். எட்டிப் பார்த்தேன். அம்மா திரையைப் பார்க்கவில்லை. எப்போதும் பார்க்கமாட்டாள். டைப்பிஸ்டின் கண் இடது பக்கத்தில் வைத்திருக்கும் தாளில்தான் இருக்க வேண்டும், விரலிலோ அடித்ததிலோ கண் போனால் பழக்கம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். இப்போது இடது பக்கத்தில் தாள் இல்லை. சுவரைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தாள். சாதம் வெந்து, வடித்து, நான் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை அடித்தாள். இருபத்தேழு நிமிடம். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். சுவிட்சைத் தட்டவில்லை. திரையைத் திருப்பவும் இல்லை.

நான் போய்ப் பார்த்தேன்.

திரை முழுவதும் இங்கிலீஷ் எழுத்து. எந்தச் சொல்லும் இல்லாத இங்கிலீஷ். நடுநடுவே அரைப்புள்ளிகள். கீழே நகர்த்தினேன். இரண்டு பக்கம் அப்படியே இருந்தது.

பென்டிரைவைச் செருகிப் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். அதுவும் இங்கிலீஷ். இன்னொன்று. அதுவும்.

புரிவதற்கு ஐந்து நிமிடம் ஆனது. என் தமிழும் அம்மாவின் தமிழும் கணினிக்கு ஒன்றல்ல. நான் ம என்று அடித்தால் கணினிக்கும் அது ம. அம்மா பழைய டைப்ரைட்டர் முறையில் பழகியவள். அவள் அலுவலகக் கணினிக்குத் தமிழே தெரியாது. அவள் கே என்ற விசையைத் தட்டுவாள், கணினியும் கே என்றே வைத்துக்கொள்ளும், ஆனால் அந்தப் பழைய ஃபான்ட் கே இருக்கும் இடத்தில் ம என்று வரைந்து காட்டும். ஃபான்ட்டை எடுத்துவிட்டால் கே அம்மணமாக நிற்கும். அந்த ஃபான்ட் கோப்புகளோடு இல்லை, வேறொரு இடத்தில் இருந்தது. அந்த இடத்தைத்தான் புதன்கிழமை அழித்தேன். நான் டிக் போட்டது என் தமிழுக்கு.

முதலில் கை தானாகச் சேமிப்புக்குப் போனது. தேதியைப் பெயராகப் போட்டேன். இருநூற்றுப் பதினைந்து.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் அம்மா தட்டச்சுப் பரீட்சைக்குப் படித்த காலத்து விசைப்பலகைப் படம் ஒட்டியிருக்கிறது. அதை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பிரிக்கலாம். நோட்டை எடுத்துக்கொண்டு முதல் சொல்லில் ஆரம்பித்தேன். ‘பேரியவனுக்கு’ என்று வந்தது. ஏதோ ஒரு எழுத்து பிசகியிருந்தது, ஆனாலும் புரிந்தது. பெரியவனுக்கு. அது அண்ணனுக்கு எழுதியது.

பென்சிலைக் கீழே வைத்தேன். அடுத்த சொல்லையும் பிரித்துப் பார்த்திருக்கலாம். நோட்டில் அந்த ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டு மூடிவிட்டேன். அது நல்ல குணமா, பயமா என்று தெரியவில்லை.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். “நேத்து நீ அடிச்சது எழுத்து மாறி விழுந்திருக்கும்மா. தப்பு என்னோடது. ஃபான்ட்டை விட்டுட்டேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“முதல் வார்த்தைதான் படிச்சேன். அண்ணனுக்குன்னு தெரிஞ்சதும் விட்டுட்டேன்.”

அம்மா எழுந்தாள். பிறகு சுவர்க் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையின் மேல் விரலை வைத்து இரண்டு தட்டுத் தட்டினாள்.

பழைய கோப்பு ஒன்றில் ஃபான்ட்டின் பெயர் மட்டும் தங்கியிருந்தது. அதைத் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு சந்து முனையில் இருக்கும் டிடிபி கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் அக்கா அழைப்பிதழ், நோட்டீஸ், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் செய்பவர். தாளைப் பார்த்ததும் சிரித்தார்.

“இதைக் கேட்டு ஒரு ஆளு வந்தா நான் செத்து சொர்க்கத்துக்குப் போயிட்டேன்னு அர்த்தம். யாருடி இன்னும் இதுல அடிக்கிறா?”

“எங்கம்மா.”

“ஓ.” அக்காவின் குரல் இறங்கியது. “எங்கிட்ட அறுநூறு ஃபான்ட் இருக்கு. இரு, தேடறேன். ஃபைலைக் கொண்டாந்திருக்கியா? இங்கயே மாத்தி பிரிண்ட் எடுத்துக் குடுத்துடறேன். மூணு நிமிஷ வேலை.”

பென்டிரைவ் என் கைப்பையில்தான் இருந்தது. கொடுத்தால் அக்காவின் பெரிய திரையில் அம்மாவின் பேச்சு விரியும். வாசலில் இரண்டு பேர் ஜெராக்ஸுக்கு நின்றிருந்தார்கள்.

“இல்லக்கா, ஃபான்ட்டை மட்டும் மெயில்ல போடுங்க போதும்.”

“ஏன், ரகசியமா?”

“தெரியலக்கா. நான் படிக்கல.”

அக்கா ஒரு மாதிரி பார்த்துவிட்டு அனுப்பினார். நாற்பத்தெட்டு கேபி. அம்மாவின் குரலின் எடை அவ்வளவுதான் என்று ஒரு எண்ணம் வந்தது. அது எனக்கே நாடகமாகப் பட்டதால் நோட்டில் அளவை மட்டும் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பதினொரு மணிக்கு வந்தான். நான்கு காலி அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக மடித்துக் கொண்டுவந்து சுவரில் சாத்தினான்.

“என்ன டவுட்டு, கேஸை ஆஃப் பண்ணிட்டியா? இன்னொரு தடவ பாத்துட்டு வந்துடேன்.”

“பாத்துட்டேன்.”

“எத்தன தடவ?”

“ரெண்டு.”

அம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான். நான் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்வு செய்து, ஃபான்ட்டை மாற்றினேன். இங்கிலீஷ் மொத்தமாக மறைந்து தமிழ் வந்து நின்றது. நான் உடனே பார்வையை மாற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் நகர்ந்தேன். மேசையை யாரோ தட்டினார்கள். அம்மா. என்னை நிற்கச் சொல்லிக் கை காட்டினாள். அண்ணனைப் பார்த்து வாயில் விரலை வைத்து வெளியே இழுப்பது போலச் செய்தாள். வாய்விட்டுப் படி.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “பேரியவனுக்கு.”

அம்மா மேசையைத் தட்டினாள்.

“அப்படித்தாம்மா போட்டிருக்கு!”

அது நான் விட்ட இன்னொரு பிழை. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றுகிற வசதியை நான் அணைக்கவில்லை. அது இங்கிலீஷ் என்று நினைத்துத் திருத்தியிருக்கிறது. பெரிய எழுத்தானதும் பழைய ஃபான்ட் வேறு எழுத்தை வரைந்துவிட்டது. அதனால் அண்ணன் ஒவ்வொரு வாக்கியத்தின் வாசலிலும் தடுக்கி விழுந்தான். அம்மா ஒவ்வொரு தடவையும் மேசையைத் தட்டினாள்.

அவன் படித்ததை நினைவிலிருந்து எழுதுகிறேன். வார்த்தை கொஞ்சம் மாறியிருக்கலாம்.

‘பெரியவனுக்கு. யாருடைய தூண்டுதலும் இன்றி சுயபுத்தியுடன் எழுதிக்கொள்வது. ஃபோனில் நீ கேட்டபோது நான் தலையாட்டியது உண்மை. உன் படம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. சத்தமும் வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாய் என நினைத்து ஆட்டினேன். மேற்படி தலையாட்டலை வைத்து நீ மேற்படி வீட்டைக் காலி செய்யப் போவது சின்னவள் சொல்லித்தான் தெரியும்.’

அண்ணன் நிறுத்தினான். “ஏம்மா, அப்பவே இல்லன்னு ஆட்டியிருக்கலாம்ல?”

அம்மா தட்டினாள். மேலே படி.

‘இல்லை என்று ஆட்டினாலும் அது முழுசாக உண்மை இல்லை. ஒரு மாதம் உன்னோடு வருகிறேன். வீடு இருக்கட்டும். ஒரு மாதம் வருவதற்குக் காரணம் நீ இல்லை, சின்னவள். அவள் நல்லவள். துணி துவைக்கிறாள். மாத்திரை தருகிறாள். ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் நான் பேசுவதற்கெல்லாம் தேதி போட்டு வைக்கிறாள். இருபத்தாறு வருஷம் ஊரார் பேச்சைப் பத்திரத்தில் ஏற்றினேன். பத்திரத்தில் ஏறிய பேச்சை மாற்ற முடியாது, அதற்குத்தான் பத்திரம். வீட்டுப் பேச்சு அப்படி இல்லை. காலையில் கசக்கிறது என்பேன், சாயங்காலம் பரவாயில்லை என்பேன். குரல் இருந்தபோது அதை யாரும் எடுத்து என் முன்னால் வைத்ததில்லை. இப்போது ஒரு வார்த்தை அடிப்பதற்கு முன் போன மாதம் என்ன சொன்னேன் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். கணினி மெதுவாக இருப்பதால் என்று அவள் நினைக்கிறாள். இதை அவளிடமே சொல்லியிருப்பேன். சொல்வதென்றால் இதில்தான் அடிக்க வேண்டும். அடித்தால் அதற்கும் தேதி போடுவாள்.’

அண்ணனின் குரல் கடைசி வரியில் தணிந்தது. இன்னும் ஒரு பத்தி இருந்தது. “குடைசியாக” என்று ஆரம்பித்தான். அம்மா தட்டினாள். “கடைசியாக. சின்னவள் முன்னிலையில் இதைச் சத்தமாகப் படி.” அவன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “படிச்சாச்சு.”

சுவரில் சாத்தியிருந்த அட்டைப்பெட்டி ஒன்று சரிந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“நான் வேகம்னு நெனச்சேன்” என்றேன்.

“பதினோரு நிமிஷத்தை ஐம்பது வினாடி ஆக்கிட்டேன்னு ஃபோன்ல சொன்னியே” என்றான் அண்ணன், எதையாவது சொல்ல வேண்டும் என்று.

“ஐம்பத்திரண்டு.”

அம்மாவின் தோள் குலுங்கியது. கழுத்துத் துணி புடைத்துப் புடைத்து இறங்கியது. இருமுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க எழுந்தேன். இருமவில்லை. சிரிக்கிறாள். குரல்வளை இல்லாமல் சிரித்தால் காற்று மட்டும்தான் வரும். எட்டு மாதத்தில் இதை நான் பார்த்ததில்லை, அல்லது பார்த்து இருமல் என்று எழுதியிருப்பேன்.

கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்து அம்மாவின் முன் வைத்தேன். “இருநூத்திப் பதினாலும் இதுல இருக்கும்மா. வேற எங்கயும் இல்ல. பதினஞ்சாவது இந்தக் கணினியில.” திறந்திருந்த கோப்பை மூடி, அம்மா பார்க்கவே அழித்தேன். அம்மா பென்டிரைவைப் புரட்டிப் பார்த்தாள். மாத்திரை டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

எனக்கு அழுகை வரும் என்று அண்ணன் எதிர்பார்த்தான் போலிருக்கிறது. கைக்குட்டையைக் கையில் வைத்திருந்தான். வரவில்லை. கால் மரத்துப்போய் ரத்தம் திரும்பும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அது மாதிரி உள்ளங்கையில் இருந்தது. அவ்வளவுதான்.

வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். ஃபான்ட்டை வைத்தேன். எழுத்தின் அளவு இருபத்தெட்டு. தானாகத் திருத்தும் வசதியை அணைத்தேன். மறுபடி போய் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

“பாத்தியாம்மா, ரெண்டாவது தடவ” என்றான் அண்ணன்.

அம்மா உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு அடித்தாள். திரையைத் திருப்பினாள். அண்ணன் படித்துவிட்டு, “அநியாயம்மா இது, நான் எப்போ அப்படிச் சொன்னேன்?” என்று கத்தினான். அம்மா திரையைத் திருப்பிக்கொண்டு இன்னொரு வரி அடித்தாள். நானும் ஏதோ சொன்னேன். அதற்கும் பதில் வந்தது. அட்டைப்பெட்டிகளில் மூன்றைத் துணி காயப்போடும் அறையில் வைத்தோம். ஒன்றில் அம்மாவின் ஒரு மாதத்துத் துணிமணிகள் போயின. கழுத்துத் துணிகள் ஏழையும் நானே மடித்து மேலே வைத்தேன்.

புறப்படும் நேரத்தில் அம்மா சுவிட்சைத் தட்டப் போனாள். “இரும்மா, நானே மூடறேன்” என்றேன். பக்கத்தை மூடினேன். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. மாற்றங்களைச் சேமிக்கவா? அம்மா செருப்பை மாட்டியபடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்பதை அழுத்தினேன்.

புதன்கிழமை வகுப்பில் அட்டவணையைக் கொடுத்தேன். ஆன்டிஎக்ஸ், ஐம்பத்திரண்டு வினாடி. தமிழுக்கு நேரே இருந்த டிக்கை அடித்துவிட்டு ‘தவறு, பிறகு சரி’ என்று எழுதியிருந்தேன். ரீஸ்டார்ட் சார் அதில் விரலை வைத்து, “டெஸ்ட் பண்ணியாச்சா? என்ன டைப் பண்ணாங்க அம்மா?” என்று கேட்டார்.

“நிறைய சார்” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அடித்த எந்த வரியையும் இந்த நோட்டில் எழுதவில்லை.